நாலில் ஒரு முட்டை

பவேரியாவின் வடக்கே, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு குளங்கள் கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கில் மீன் வளர்க்கிறேன். ஜேர்மன்காரர் கார்ப்ஃபன் என்று சொல்லும் கெண்டை. எங்கள் பண்ணையில் வளர்வதில் ஒரு பங்கு சட்டிக்குப் போகும். மற்றப் பங்கு தூண்டில்காரருக்கு. இந்தத் தூண்டில்காரர் மீனைத் தின்கிறவர்கள் அல்ல. ஏரிக்கரையில் கூடாரம் அடித்து நாட்கணக்கில் காத்திருந்து, ஒன்றைப் பிடித்து, நிறுத்து, குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திப் படம் எடுத்து, திரும்பத் தண்ணீருக்குள் விட்டுவிடுவார்கள். சட்டத்துக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. அவர்கள் சட்டத்தைக் கேட்டுக்கொண்டு மீன் பிடிப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது பெரிய மீன். பெரிதாக இருப்பதோடு வடிவாகவும் இருந்துவிட்டால் அதன் படம் நாடு முழுக்கச் சுற்றும்.

அப்படிப்பட்ட மீன்களுக்குத் தாயையும் தகப்பனையும் தேர்ந்தெடுப்பது என் வேலை. எந்தக் குடும்பத்தை எதோடு சேர்க்கலாம், எதோடு சேர்க்கவே கூடாது என்று முடிவு செய்வது. இதைப் பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னை அதற்குத் தகுதியானவளாக யாரும் கணக்கில் எடுக்கவுமில்லை.

பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். அப்பா எங்களுக்கு முன்பே வந்து, ஹம் நகரத்தில் ஓர் உணவகத்தின் சமையலறையில் நின்றார். என் டொச், அதாவது ஜேர்மன் மொழி, போதாது என்று பள்ளியில் கீழ்ப் பிரிவில் போட்டார்கள். பதினைந்து வயதில் வகுப்பில் எல்லோரும் இரண்டு கிழமை எங்காவது வேலை பழகப் போகவேண்டும். மற்றப் பெண்பிள்ளைகள் முடி வெட்டும் கடைக்கும் முதியோர் இல்லத்துக்கும் போனார்கள். யாரும் கேட்காமல் மிஞ்சிக் கிடந்த ஒரு மீன் பண்ணை எனக்கு வந்தது.

இலையுதிர்காலம். குளத்து மடையைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு, இடுப்பளவு சேற்றில் நின்று வலை இழுத்தார்கள். மார்புவரை வரும் ரப்பர் உடுப்பொன்றை எனக்கும் மாட்டிவிட்டு, வலையின் ஒரு முனையைக் கையில் தந்தார்கள். அன்று முழுக்க யாரும் என் டொச்சைத் திருத்தவில்லை. வலை கனத்தது, இழுத்தேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, இந்தத் தொழிலுக்குத்தான் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்வேன், வேறொன்றும் வேண்டாம் என்று சொன்னேன்.

அம்மா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"ஊரில எங்களை ஆரும் மீன்காரர் எண்டு சொன்னதில்லை. இவ்வளவு தூரம் வந்து நீ மீன்காரி ஆகப்போறியோ?"

"ஓம் அம்மா. ஆகப்போறன்."

அந்தச் சொல்லை அம்மா சாதியின் எந்தத் தட்டில் வைத்துச் சொல்கிறார் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரியும். தெரிந்துதான் ஓம் என்றேன். அப்பாதான் அடுத்த நாள் காலையில் படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

பயிற்சி முடித்து, இரண்டு இடங்களில் வேலை பார்த்து, கடைசியில் இப்போதைய பண்ணைக்கு வந்தேன். நான் வந்து எட்டாவது வருடத்தில் பழைய முதலாளி ஓய்வு பெற்றார். மகன் பொறுப்பெடுத்தார். என் வயதுதான் இருக்கும். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். குளம் உறைந்த காலைகளில் எங்களோடு நின்று பனிக்கட்டி உடைப்பார். ஆனால் வியாபாரம் படித்தவர். விளம்பரத்தாளில் எது வடிவாகத் தெரியுமோ அதுவே குளத்திலும் வளரவேண்டும் என்று நினைத்தார்.

அவர் மனதைப் பறித்தது வரிக்கெண்டை. அந்த மீனுக்கு உடம்பில் செதில் இராது. பக்கவாட்டில் மட்டும், தலையிலிருந்து வால்வரை, பெரிய செதில்கள் ஒரே வரியாக ஓடும், மேலங்கியில் பொத்தான் வைத்துத் தைத்த மாதிரி. தூண்டில்காரருக்கு அதில் பைத்தியம். ஒரு வசந்தத்தில், பக்கத்து ஊர்த் தூண்டில்காரர் சங்கம் தங்கள் ஏரிக்கென்று குஞ்சு கேட்டது. முதலாளி என்னைப் பொரிப்பகத்துக்குள் கூப்பிட்டார். பண்ணையில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். பேசியதெல்லாம் டொச்சில். எனக்கு நினைவிருப்பது என் தமிழில்.

"எல்லாம் வரியா இருக்கவேணும். வரித் தாயோட வரி ஆணைச் சேர்."

"சேர்க்கக்கூடாது. நாலில ஒண்டு சாகும்."

"ஏன் சாகவேணும்?"

சொன்னேன். அந்த வரியைக் கொண்டுவரும் மரபணு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் மீன் வரிக்கெண்டையாகும். தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு வந்து சேர்ந்தால் அந்தக் குஞ்சு பிழைக்காது. முட்டைக்குள் உருவாகும், பொரிக்கும் நேரத்தில் செத்துப்போகும். இரண்டு வரிக்கெண்டைகளைச் சோடி சேர்த்தால் நாலில் ஒரு முட்டைக்கு அந்த இரண்டும் போய்ச் சேர்ந்தே தீரும். முழு உடம்பும் செதிலாக இருக்கும் கெண்டையோடு வரிக்கெண்டையைச் சேர்த்தால் இந்தச் சாவு இல்லை. பாதி வரியாக வரும், பாதி முழுச்செதிலாக வரும். அதோடு இன்னொன்றும் சொன்னேன். வரி மீன் பார்க்க வடிவு, ஆனால் முழுச்செதில் மீனைப்போல அது வளர்வதில்லை. பெரிய மீன் வேண்டும் என்கிறவர்களுக்குச் சிறிதாக நிற்கும் மரபணுவை விற்கப்போகிறோம்.

"பாதி எனக்குப் போதாது," என்றார். "மிச்சப் பாதியை நான் என்ன செய்யிறது? என்ரை குளம், என்ரை மீன். சொன்னதைச் செய்."

செய்தேன். அதை மறைக்கமாட்டேன். ஆனால் அரைகுறையாகச் செய்யவில்லை. என் கை வேலையைக் கெடுத்து என் வாய்ப்பேச்சை நிரூபிக்கிற ஆள் நான் இல்லை. தாய் மீனுக்கு ஊசி போட்டு, முட்டை கனியும்வரை காத்திருந்து, ஈரத் துவாயில் சுற்றி மடியில் வைத்து வயிற்றைத் தடவினேன். ஊறிய ரவைபோல முட்டை கோப்பைக்குள் இறங்கியது. ஆண் மீனிலிருந்து சில துளி. வாத்து இறகால் கலக்கினேன். தண்ணீர் பட்டதும் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும். ஒட்டாமலிருக்கப் பால் கரைத்த தண்ணீரில், தோள் கடுக்கக் கடுக்க, ஒரு மணித்தியாலம் கலக்கவேண்டும். பிறகு அடியிலிருந்து தண்ணீர் மேலே ஏறும் உயரமான கண்ணாடிக் குடுவைக்குள் விட்டேன். மூன்று நாளும் தண்ணீர்ச் சூட்டை மணிக்கு மணி பார்த்தேன்.

நாலாம் நாள் பொரித்தது. நூல் துண்டுபோன்ற குஞ்சுகள் துடித்துக்கொண்டு மேலே வந்தன. அவற்றுக்குக் கீழே, வராத பங்கு படிந்து கிடந்தது. சில முட்டைக்கு உள்ளேயே சுருண்டு கிடந்தன, சில பாதி வெளியே வந்து வளைந்தபடி நின்றுபோயிருந்தன. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து முதலாளி, குஞ்சு கேட்ட சங்கத்தின் ஏரிப் பொறுப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் ஓய்வுபெற்ற ரயில் சாரதி. உள்ளே வரமுதல் தொப்பியைக் கழற்றுகிற ஆள்.

"ஏன் இவ்வளவு செத்துக் கிடக்கு?" என்று அவர் கேட்டார்.

முதலாளி என்னைப் பார்க்காமலே சொன்னார். "சூட்டைக் கவனிக்காமல் விட்டிட்டாள்." பிறகு, நான் குனிந்திருந்ததால் கேட்காது என்று நினைத்தாரோ, கேட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தாரோ, "பிறந்ததில இருந்து இந்தக் குளங்களோட வளர்ந்த ஆக்களுக்குத்தான் இந்த வேலை வரும்," என்றார்.

குழாயைக் கீழே வைத்தேன்.

"சூட்டில பிழையில்லை. சோடி சேர்த்ததிலதான் பிழை. சேர்க்கமுதலே நான் சொன்னனான்."

முதலாளி சிரித்து, சாரதியின் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போனார். திங்கட்கிழமை என் மேசையில் ஒரு தாள் இருந்தது. அப்மானுங். இந்த நாட்டில் வேலை செய்கிற எவருக்கும் அந்தச் சொல் தெரியும். வேலையில் குற்றம் என்று எழுத்தில் எச்சரிப்பது. திரும்பவும் வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். என் கவனக்குறைவால் குஞ்சுகள் இறந்தன என்றும், அதை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றும் எழுதியிருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"வை," என்றார் முதலாளி.

"வாசிச்சிட்டுச் சொல்லுறன்," என்றேன்.

அந்தச் சனி ஞாயிறு, ஹம் நகரத்தின் ஓரத்தில் ஊன்ட்றொப் அம்மன் கோவிலில் தேர். அம்மாவைக் கூட்டிப்போகவேண்டியிருந்தது. வாய்க்கால் ஓரமாகச் சனத்துக்குள் நடந்துகொண்டிருந்தபோது அம்மாவுக்குத் தெரிந்த ஒரு அன்ரி எதிரே வந்தார். பிள்ளை என்ன வேலை என்று கேட்டார். அம்மா உடனே, "பயோலொஜி," என்றார்.

"மீன் பண்ணையில வேலை அன்ரி," என்றேன் நான்.

அன்ரியின் முகம் கொஞ்சம் மாறியது, சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்டார். "அப்ப... நீங்கள் ஊரில எந்தப் பகுதி?"

"பகுதி பார்க்கிறதுதான் அன்ரி என்ரை வேலையே. ஒரு குளத்துக்குள்ளையே திரும்பத் திரும்பச் சோடி சேர்த்தால் கடைசியில என்ன பிறக்கும் எண்டு எனக்கு நல்லாத் தெரியும்."

அன்ரி தேரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அம்மா என் கையில் நுள்ளினார், நல்ல பலமாக. புற்றரையில் உட்கார்ந்து அன்னதானச் சோறு சாப்பிட்டபோது, கோபம் ஆறட்டும் என்று பார்த்திருந்து, தாளைப் பற்றிச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டார். எத்தனை முட்டை செத்தது என்றுகூடக் கேட்டார்.

"வைச்சுவிடு பிள்ளை," என்றார் கடைசியில். "இந்த நாட்டுக்கு வந்து நாங்கள் வாசிக்காமலே எத்தினை தாளில கையெழுத்து வைச்சனாங்கள். ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

"நான் வாசிச்சிட்டன் அம்மா. அதாலதான் ஏலாது."

அம்மா தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தார்.

திரும்பும் ரயிலில் பதில் எழுதினேன். அப்மானுங் கொடுக்கப்பட்டவர் தன் பக்கத்தை எழுதிக் கொடுத்தால் அதையும் அவருடைய கோப்பில் சேர்த்து வைக்கவேண்டும் என்பது இங்கே சட்டம். தொழிற்பயிற்சியில் ஒரு ஆசிரியை சொன்னது, எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த வகுப்பு, நான் தூங்கவில்லை. எழுதி, வெட்டி, திரும்ப எழுதினேன். பெண்பாலா ஆண்பாலா என்று எனக்கு இன்றுவரை தடுமாறும் சொற்கள் டொச்சில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கைபேசியில் பார்த்துத் திருத்தினேன். என் எழுத்தில் ஒரு பிழை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிடுவார்கள் என்று தெரியும். தண்ணீர்ச் சூடோ என் கையோ காரணமில்லை, இரண்டு வரிக்கெண்டைகளைச் சேர்த்ததே காரணம், இதை முன்கூட்டியே சொன்னேன் என்று ஒரு பக்கத்தில் முடித்தேன். கடைசிப் பந்தியில் ஒரு கோரிக்கை வைத்தேன். குளிர்ந்த குளத்தில் இன்னும் கனியாத வரித் தாய் ஒன்று மிஞ்சியிருக்கிறது. அதன் முட்டையை இரண்டு கோப்பைகளில் பிரிப்போம். ஒன்றுக்கு வரி ஆண், மற்றதுக்கு முழுச்செதில் ஆண். ஒரே தாய், ஒரே தண்ணீர். கலக்குவது முதலாளியின் கை. நான் தொடமாட்டேன்.

முதலாளி நின்றபடியே வாசித்தார்.

"விளையாட்டுக்கு எனக்கு நேரமில்லை."

"அப்ப உன்ரை தாளை எடு."

"எடுக்கமாட்டன்."

"அப்ப நேரம் எடு."

அவர் போய்விட்டார். நான் சாரதிக்குத் தொலைபேசி எடுத்தேன். முதலாளியின் முதுகுக்குப் பின்னால் வாடிக்கையாளரைக் கூப்பிடுவது சரியா என்று கேட்டால், சரியில்லைத்தான். ஆனால் என்னைக் குற்றம் சொன்னது அந்த மனிதருக்கு முன்னால். மிச்சமும் அவருக்கு முன்னால்தான் நடக்கவேண்டும். "எந்த நாள் வரவேண்டும்?" என்று மட்டும் கேட்டார் அவர். வாடிக்கையாளரே வருகிறேன் என்று சொன்ன பிறகு முதலாளியால் மறுக்க முடியவில்லை.

முதலாளி கெட்டிக்காரர், அதையும் சொல்லவேண்டும். சின்ன வயதில் தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று பழகிய கை. முட்டையைச் சேதமில்லாமல் எடுத்தார், சரிபாதியாகப் பிரித்தார், இரண்டு கோப்பைகளையும் ஒரே மாதிரிக் கலக்கினார். நான் ஏப்ரன் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு சுவரோடு நின்றேன். அவ்வளவு நேரம் கையைச் சும்மா வைத்திருந்தது அந்தப் பொரிப்பகத்தில் அதுதான் முதல்தடவை. குடுவைகளில் சாரதி தன் கையால் அடையாளச் சீட்டு ஒட்டினார். பிறகு ஒவ்வொரு நாளும், ரயில் நேரம் தவறாத பழக்கம் போலும், காலை ஒன்பது மணிக்கு வந்து சூட்டைப் பார்த்து எழுதிவிட்டுப் போனார்.

அந்த மூன்று நாளும் எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. மரபணு பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குழாய் அடைக்கலாம், பூஞ்சை பிடிக்கலாம், மின்சாரம் நிற்கலாம். இரண்டு குடுவையும் செத்தால் என் பேச்சும் அதோடு சேர்ந்து செத்துவிடும். குடுவைக்குக் கிட்டப் போகவும் எனக்கு அனுமதியில்லை. நான்தான் அப்படி எழுதிக் கொடுத்திருந்தேன். வெளியே போய்த் தேவையில்லாத வலைகளையெல்லாம் தைத்தேன்.

நாலாம் நாள் மூன்று பேரும் நின்றோம். முழுச்செதில் ஆணின் குடுவை உயிரோடு கொதித்தது. அடியில் எங்கோ சில வெள்ளை முட்டை, எப்போதும் இருக்கும் அளவு. வரி ஆணின் குடுவையில் அதே துடிப்பு மேலே, கீழே சுருண்டு படிந்த ஒரு தடிப்பு. சாரதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெள்ளைக் கோப்பையில் கரண்டி கரண்டியாக எடுத்து விட்டு எண்ணினார். ஒரு கரண்டியில் கொஞ்சம் கூட, இன்னொன்றில் கொஞ்சம் குறைய. பல கரண்டிக்குப் பிறகு நிமிர்ந்தார்.

"நாலுக்கு ஒண்டு," என்றார்.

"தற்செயல்," என்றார் முதலாளி. குரலில் பலமில்லை.

"உங்கட கை, உங்கட தண்ணி, ஒரே தாய்," என்றார் சாரதி. "சூட்டை நான் எழுதினனான்."

எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். கோப்பையில் கிடந்ததைப் பார்த்தபோது வந்தது வேறு ஏதோ. யார் கலக்கியிருந்தாலும் அவை பிழைத்திருக்காது. அது முன்பே தெரிந்த நானும், சொல்லக் கேட்ட அவர்கள் இருவரும் சேர்ந்து நின்று, ஒரு தாளுக்காக, திரும்பவும் ஒருமுறை சாகவிட்டிருக்கிறோம். தாளை எழுதியவரோடு எனக்கு அதற்கும் கோபம் வந்தது.

"அண்டைக்கு இவருக்கு முன்னால சொன்னாய்," என்றேன் முதலாளியிடம். "இண்டைக்கும் இவருக்கு முன்னால சொல்லு."

முதலாளி குடுவையின் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடு சரியாத்தான் இருந்திருக்கு," என்றார்.

"மற்றதையும்."

"எந்த மற்றது?"

"இந்த வேலை ஆருக்கு வரும், ஆருக்கு வராது எண்டு சொன்னது."

அவர் முகம் கழுத்துவரை சிவந்தது. சாரதி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். எனக்கு அவசரமில்லை. நான் காத்திருந்தேன்.

"அதை நான் சொல்லியிருக்கக்கூடாது," என்றார் முதலாளி. சொல்லிவிட்டு வெளியே போனார்.

மன்னிப்பு அதுதானா என்று என் தோழி ஒருத்தி பிறகு கேட்டாள். எனக்குப் போதுமா போதாதா என்று நான் யோசிக்கவில்லை. கேட்டேன், சொல்லவைத்தேன். அடுத்த கிழமை அவர் இரண்டு தாள்களையும் கோப்பிலிருந்து எடுத்துவிடலாம், எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்றார். உன்னுடையதை எடு, என்னுடையது இருக்கட்டும் என்றேன். என் கோப்பில் இன்றைக்கும் கேள்வி இல்லாத ஒரு பதில் இருக்கிறது. அதோடு, இனிமேல் எதை எதோடு சேர்ப்பது என்பதை நான் முடிவு செய்வேன் என்று வேலை ஒப்பந்தத்தில் எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டேன். மூன்று மாதம் இழுத்தார். சங்கம், நான் தேர்ந்த சோடியின் குஞ்சுகள் மட்டுமே வேண்டும் என்று சொன்ன பிறகு எழுதித் தந்தார்.

முழுச்செதில் ஆணின் குடுவையிலிருந்து வந்தவைதான் அந்த ஏரிக்குப் போயின. பாதி வரி, பாதி முழுச்செதில். நாலாவது கோடையில் ஏரியைச் சோதிக்க வலை போட்டபோது நானும் போனேன். தூண்டில்காரர் வரி மீன்களைத்தான் கைபேசியில் படம் எடுத்தார்கள். அவற்றைவிடப் பாரமாக, கறுத்த முதுகோடு, முழு உடம்பும் செதிலாகக் கிடந்த ஒரு பெண் மீனை யாரும் எடுக்கவில்லை. அது மற்ற எல்லாவற்றையும்விட ஒரு கை அகலம் நீளம். வாலில் துண்டு வெட்டி எடுத்துக்கொண்டேன், மரபணு பார்ப்பதற்கு. அதை எங்கள் பண்ணைக்குத் தரச்சொல்லிச் சாரதியிடம் கேட்டேன். அந்த அழகில்லாத மீனையா என்றான் ஒருவன். ஓம், அதைத்தான் என்றேன்.

அது இப்போது எங்கள் தாய் மீன்களில் ஒன்று. இந்த வசந்தத்தில் முதலாளி வந்து அதன் தொட்டிக்கு முன்னால் நின்றார்.

"இதின்ரை மகன் ஒண்டு நல்லாப் பெருத்து நிக்குது," என்றார். "ரெண்டையும் சேர்த்தால் இதைவிடப் பெரிசாய் வராதோ?"

"தாயோட மகனைச் சேர்க்கமாட்டன். ரெண்டு தலைமுறையில கூன் விழும், நோய் பிடிக்கும்."

"விளம்பரத்தாள் அச்சுக்குப் போயிட்டுது."

"திரும்பக் கேட்டு எடு."

அவர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். எந்த ஆண் நல்லது என்று நினைக்கிறாய் என்று கேட்டார். செக் நாட்டுப் பண்ணையிலிருந்து வந்த ஆண் ஒன்று கடைசித் தொட்டியில் நின்றது. மெலிந்தது, பார்க்க ஒன்றும் இல்லாதது, ஆனால் மூன்று குளிர்காலம் ஒரு நோயும் இல்லாமல் தாண்டியது. நான் போய் வலையை எடுத்து வந்து, அந்த ஆணைக் காட்டினேன்.